முறுமுறுப்பு ஆவி

ஜெபம் நடக்கும்போது அவர் கண்ணை மூடமாட்டார். சபை மொத்தமும் தலை குனிந்து உருகிக்கொண்டிருக்க, கடைசிப் பாயில் அவர் மட்டும் கழுத்தை நீட்டி இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்த முதல் ஞாயிறே இதைக் கவனித்துவிட்டேன். கவனித்தேன் என்றால் நானும் கண்ணைத் திறந்திருந்தேன் என்று அர்த்தம், அது கிடக்கட்டும். என்னக்கா பார்க்கிறீர்கள் என்று ஆராதனை முடிந்ததும் கேட்டேன். யார் வரவில்லை என்று பார்த்தாராம். கண்ணை மூடிக்கொண்டால் அது எப்படித் தெரியும் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பார்த்ததோடு விடமாட்டார். மத்தியானம் சாப்பிட்ட கையோடு குடையை எடுத்துக்கொண்டு, வராதவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வருவார். தூங்கிவிட்டோம் என்றால் வாசலிலேயே நின்று திட்டிவிட்டு வருவார். கஞ்சி குடித்தவர்கள் சும்மா இருந்தார்கள். திட்டு வாங்கியவர்கள்தான் போய்ச் சொன்னார்கள். இப்படிச் சேர்ந்து சேர்ந்துதான், அவருக்கு முறுமுறுப்பு ஆவி பிடித்திருக்கிறது என்று எங்கள் சபைக் கமிட்டி ஒரு நாள் கண்டுபிடித்தது.

முறுமுறுப்பு என்பது எங்கள் ஆட்களிடம் பெரிய பாவம். மோசேயின் பின்னால் வனாந்தரத்தில் நடந்த ஜனங்கள் தண்ணீர் இல்லை, சோறு இல்லை என்று முனகினார்களே, அந்த முனகலுக்கான பழைய சொல். பிரசங்கத்தில் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். தன்மேல் இந்தக் குற்றத்தைச் சுமத்தியபோது அவர் பயப்படவில்லை. "முறுமுறுத்தப்புறம்தானே தண்ணி வந்துச்சி?" என்று கேட்டார். 

மாவட்டத்தைப் பிரித்தபோது வேங்கிக்காலில் ஒன்றன்பின் ஒன்றாக அலுவலகங்கள் வந்தன. எங்கெங்கிருந்தோ மாற்றலாகி வந்து சேர்ந்தோம். நான் வேலூர்க்காரி, டைப்பிஸ்ட். அவர் ஆரணிப் பக்கம், எங்கள் அலுவலகத்திலேயே அசிஸ்டென்ட். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஒரே காம்பவுண்டில் முன் போர்ஷன் அவருக்கு, பின் போர்ஷன் எனக்கு. ஊரே மலையைப் பார்த்துக் கும்பிட்டபடி ஒரு பக்கம் போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் சிலர் பைபிளைப் பையில் போட்டுக்கொண்டு இன்னொரு பக்கம் போவோம். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு வாடகைக் கூடம்தான் எங்கள் கோயில். சொந்த ஊர்களில் வேறு வேறு சபை, வேறு வேறு சாதி. இங்கே எல்லாரும் ஒரே குடும்பம் என்று சபை செக்ரெட்டரி வாராவாரம் சொல்லுவார்.

செக்ரெட்டரி நல்ல பதவியில் இருந்தார். புதுவீடு, ஸ்கூட்டர், கணீரென்ற குரல். மாதம் ஒருமுறை வெளியூரிலிருந்து போதகர் வந்து, அப்பமும் ரசமும் தந்து திருவிருந்து நடத்திவிட்டுப் போவார். மற்றபடி சபை என்றால் செக்ரெட்டரிதான். அவர் காலத்தில்தான் கூடத்துக்கு ஃபேனும் டியூப்லைட்டும் வந்தன. ஒவ்வொன்றிலும் 'அன்பளிப்பு' என்று போட்டு இன்னார் குடும்பத்தார் என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கும். ஃபேன் சுற்றும்போதுகூடப் பெயர் தெரிய வேண்டும் என்பதற்காக, இறக்கையில் எழுதாமல் நடுக் கிண்ணத்தில் எழுதச் சொன்ன புத்திசாலி அவர். நான் இங்கே அக்காவின் பெயரை எழுதாததற்கு இதுவும் ஒரு காரணம். எழுதினால் நாளைக்கே எதன்மேலாவது பெயின்ட் அடித்துவிடுவார்கள்.

சபையில் பெண்களை சிஸ்டர் என்று கூப்பிடுவது வழக்கம். அக்காவுக்கு அது பிடிக்காது. கூடப் பிறந்தவள் என்று சொல்கிறவன் ஒரு நாளாவது சாப்பிட்டாயா என்று கேட்டிருக்க வேண்டும் என்பார். அதைவிடப் பிடிக்காத ஒன்று உண்டு. யாருக்காவது கஷ்டம் என்றால் எங்கள் ஆட்கள் உடனே, "சபையா ஜெபத்துல தாங்கறோம்" என்பார்கள். சொல்லும்போது ஒரு கை நெஞ்சுக்குப் போகும். சொல்லி முடித்ததும் கடமை முடிந்துவிடும். அக்கா உடனே, சபை என்றால் யார், பெயரைச் சொல்லுங்கள் என்பார். சண்டைக்கென்று கேட்கிற குரல் இல்லை. ஆபீசில் ஒரு ஃபைல் யார் மேசையில் இருக்கிறது என்று விசாரிப்பாரே, அதே குரல்தான்.  எல்லாரும் செருப்பைத் தேடிப் போய்விடுவார்கள்.

பெரிய மனுஷி, தியாகி என்று நான் பூசி மெழுகப் போவதில்லை. அவரோடு பழகுவது சுலபம் இல்லை. நான் வைத்த குழம்பை ருசி பார்த்துவிட்டு, காரம் ஜாஸ்தி, இதை மனுஷன் தின்பானா என்று என் அம்மா முன்னாலேயே கேட்டவர். அழுதுகொண்டு போனால் முதலில் திட்டு விழும், பிறகுதான் சோறு. சில நாள் சோறே வேண்டாம் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

எங்கள் சபையில் ஒரு வாட்ச்மேன் இருந்தார். பெரிய ரோட்டுக்குப் பின்னால் உள்ள காலனியில் வீடு. மனைவி முன்பே இறந்துவிட்டார். மகன் டேவிட் லாரி டிரைவர். அந்த வாட்ச்மேன் இறந்தபோது பெட்டியைக் காலனி ஆட்கள் கூடம்வரை தூக்கி வந்து வைத்துவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் வெளியிலேயே நின்றார்கள். பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் முடிந்தது. கல்லறைக்குக் கிளம்ப வேண்டும். டேவிட் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறான். எங்கள் சபை ஆண்கள், வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல், வெளியில் நிற்கிறவர்கள் வந்து தூக்கட்டும் என்று சுவரோரம் நின்றார்கள். யாரும் அப்படி வாயால் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அக்கா கைப்பையை என் மடியில் போட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் இன்னொரு முனையைப் பிடித்தார். பொம்பளைகள் தூக்கக் கூடாது சிஸ்டர் என்று செக்ரெட்டரி பதறினார். "அப்ப ஆம்பளைங்க வாங்க" என்றார் அக்கா. வந்தார்கள். அவமானத்தில் வந்தார்கள், அன்பில் இல்லை. போகும் வழியெல்லாம் தோளை மாற்றிக்கொண்டே போனார்கள்.

அதற்கு அடுத்த வருடம் டேவிட் கல்யாணம் செய்துகொண்டான். பெண் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். நிலம் நீச்சு உள்ள குடும்பம், வேறு சாதி, வேறு சாமி. செல்வி என்று பெயர். இரண்டு பேரும் விரும்பி வந்தார்கள். பெண் வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். சபையில் ஒரே கொண்டாட்டம். செல்வி ஞானஸ்நானம் வாங்கிய அன்று கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஒரு ஆத்துமா சேர்ந்ததென்று செக்ரெட்டரி மைக்கில் அழுதார். அந்த ஆத்துமாவுக்கு ஒரு உடம்பும் இருக்கிறது, அதற்குப் பசிக்கும், வலிக்கும் என்பது அன்றைக்கு அங்கே எத்தனை பேருக்குத் தோன்றியதோ தெரியாது. கைதட்டிய ஒரு பெண்கூட அதற்குப் பிறகு காலனிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

செல்வி மாசமானாள். டேவிட் லாரியோடு வடக்கே போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவது இந்த ஊரில் எந்தச் சாதியிலும் உள்ள வழக்கம். ஒன்பதாம் மாதம் அம்மா வந்து, வளையல் அடுக்கி, கூட்டிப்போவாள். செல்விக்குத் தாய்வீடும் இல்லை, மாமியாரும் இல்லை. இவள் நம்மை நம்பி வந்தவள், நாமதான் தாய்வீடு என்று அக்கா போய்க் கமிட்டியிடம் சொன்னார். வளையல் போட்டு, யாராவது ஒருவர் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்றார்.

கமிட்டி கூடியது. இரண்டு மணி நேரம் பேசினார்கள். எதைப் பற்றி என்கிறீர்கள்? வளையல் போடலாமா, கூடாதா என்பதைப் பற்றி. கண்ணாடி வளையல் பிற மதச் சடங்கு என்றார் ஒருவர். பிளாஸ்டிக் என்றால் பரவாயில்லையா என்றார் இன்னொருவர். கையில் பொன்னே போடாத சபையிலிருந்து வந்த ஒருவர், வளையல் என்ற பேச்சே மாம்சத்தின் இச்சை என்றார். நானும் அக்காவும் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிக்கவும் தோன்றியது. கடைசியில் செக்ரெட்டரி வெளியே வந்து, வளையல் வேண்டாமென்று முடிவாகிவிட்டது, ஆனால் சபையாக ஜெபத்தில் தாங்குவோம் என்றார்.

"ஜெபத்துல தாங்குங்க, வேணாங்கல. இடுப்பு வலி எடுத்தா அவளைக் கையில தாங்கறது யாரு? பேரச் சொல்லுங்க. ஒரே ஒரு பேரு."

உள்ளே ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பெயருக்குப் பஞ்சமே இல்லாத கூடம் அது.

அடுத்த ஞாயிறு அக்கா தேரடி வீதியில் வாங்கிய பச்சையும் சிவப்புமான கண்ணாடி வளையல்களைக் கூடத்து வாசலிலேயே, போகிற வருகிறவர் கண்முன், செல்வியின் இரண்டு கையிலும் அடுக்கினார். அன்றைக்கே ஒரு டிரங்குப் பெட்டியோடு காலனியில் அவள் வீட்டுக்குக் குடிபோனார். அங்கிருந்தே குடையைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். காலையில் நான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சமைத்துக் கொடுத்தனுப்புவேன், காரம் கம்மியாக.

அதற்குத்தான் தண்டனை. சபைக்குள் பிரிவினை உண்டாக்கினார், பிற மதச் சடங்கைப் புகுத்தினார், முறுமுறுப்பு ஆவிக்கு இடம் கொடுத்தார் என்று சொல்லி, அவர் மனந்திரும்புகிறவரை திருவிருந்தில் பங்கு கிடையாது என்றார்கள். அந்த ஆவி அவரை விட்டு ஓட வேண்டுமென்று ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபமும் வைத்தார்கள். நடந்தது நிஜமாகவே இதுதான். பிரசவிக்கப் போகிறவளுக்கு ஒரு வேளை சோறு கொடுக்க ஆள் வராத கூட்டம், சோறு கொடுத்தவளுக்கு ஆவி ஓட்ட ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தது. 

வலி எடுத்த அன்று பௌர்ணமி. ஆட்டோக்கள் எல்லாம் மலை சுற்ற வந்தவர்களுக்காகச் செங்கம் ரோட்டுப் பக்கம் போயிருந்தன. அக்கா நடுரோட்டில் குடையை நீட்டி, தக்காளி இறக்கிவிட்டு வந்த ஒரு டெம்போவை மறித்தார். காலிப் பெட்டிகளுக்கு நடுவே செல்வியைச் சாய்த்து உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டெம்போக்காரர் எங்கள் சபை இல்லை. நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். குழந்தை பிறந்த செய்தி வரும்வரை வண்டியை எடுக்காமல் கேட்டிலேயே நின்றார். பெண் குழந்தை.

அதன்பிறகு பத்தியச் சோறு, பூண்டுக் குழம்பு, வெந்நீர், சாம்பிராணி என்று அக்கா பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். பிள்ளை பெறாதவர், எல்லாவற்றையும் காலனிப் பெண்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார். வெறுங்காலோடு தரையில் நடந்ததற்குச் செல்வியைத் திட்டிய திட்டில் தெருவே கூடிவிட்டது. செல்வி ஒருமுறை என்னிடம், அக்கா கத்தினால் எங்கம்மா ஞாபகம் வருகிறது என்றாள்.

அதைப் போய் நான் அக்காவிடம் சொல்லிவிட்டேன். மறுநாளே லீவு போட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினார்.

களத்தில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. செல்வியின் அப்பா எங்களைப் பார்த்ததும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அம்மா போகவில்லை. பேத்தி பிறந்திருக்கிறாள் என்று அக்கா சொன்னதும், குனிந்து கடலையைத் தள்ளிக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். தலைப்பிரசவத்துக்கு அவளோடு யார் இருந்தது?

"யாரு இல்லம்மா? எங்க சபையே இருந்துச்சி. வீட்டுக்கு ஒருத்தரா மாத்தி மாத்திப் பாத்துக்கினாங்க" என்றார் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயரைச் சொல், பெயரைச் சொல் என்று ஊரை உலுக்கியவர் வாயில் இப்படி ஒரு பொய்! அந்த அம்மாவின் முகம் தெளிந்ததையும் பார்த்தேன். அதனால் அங்கே வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். அந்த நன்றிகெட்டவர்களுக்கு ஏன் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தர்மபுரிக்கு மாற்றல் ஆர்டர் வந்துவிட்டது என்றார். என்னிடம்கூட அதுவரை சொல்லவில்லை. "ஒருத்தி பாத்துக்கினான்னு சொன்னா, அந்த ஒருத்தி போயிட்டா எம்பொண்ணு கதி இன்னான்னு அந்தம்மாவுக்குத் தூக்கம் வருமா? ஒரு கும்பலே இருக்குதுன்னு நெனைக்கட்டும். இவங்களும் நன்றிய வாங்கிக்குவாங்க பாரு. வாங்கினப்புறம் கூச்சம் வரும்." வராது அக்கா என்றேன். யாராவது ஒருத்தருக்கு வரும் என்றார்.

அந்த மாதத் திருவிருந்து ஞாயிறன்று செல்வியின் அம்மா வந்தார். தலையில் ஒரு மூட்டை வேர்க்கடலை. மகளையும் பேத்தியையும் காலனியில் பார்த்துவிட்டு நேராகக் கூடத்துக்கு வந்திருந்தார். செருப்பை வெளியில் விட்டுவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டு வந்தார். ஆராதனை தொடங்கவில்லை. எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டு, பெத்த நான் செய்ய வேண்டியதை நீங்கள் எல்லாரும் செய்தீர்கள், உங்கள் வீட்டுக்கெல்லாம் கொஞ்சம் கடலை கொண்டுவந்திருக்கிறேன் என்றார். முன்வரிசையில் இருந்த செக்ரெட்டரி மனைவியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

யாராவது ஒருவர், நாங்கள் எதுவும் செய்யவில்லை என்று சொல்வார் என்று பார்த்தேன். செக்ரெட்டரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லாம் சபையின் அன்பு, மகிமை ஆண்டவருக்கே என்றார். மூட்டையை மேசைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். நான் எழுந்தேவிட்டேன். அக்கா என் புடவையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

அப்பம் வாங்க எல்லாரும் வரிசையாக முன்னால் போனார்கள். பின்னால் அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தார். போகக் கூடாதே. நானும் போகவில்லை. செல்வியின் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நீங்கள் போகவில்லையா என்று கேட்டார். "வயிறு சரியில்லம்மா" என்றார் அக்கா. முறுமுறுப்பு இல்லை, ஒன்றும் இல்லை, சாதாரணமாகச் சொன்னார். ஆராதனை முடிந்ததும் அந்த அம்மா நேராகச் செக்ரெட்டரி மனைவியிடம் போனார்.

"அந்தம்மாவுக்கு ஒடம்பு சரியில்லியாம். எம்பொண்ணப் பாத்துக்கினாப்பல அவங்களையும் பாத்துக்கங்கம்மா."

அவர் சரி என்று தலையாட்டினார். காது இரண்டும் சிவந்திருந்தது.

அக்கா கிளம்பிய நாள் டேவிட் எங்கள் காம்பவுண்டுக்கு ஒரு லாரி கொண்டுவந்தான். கட்டில், பீரோ, அரிசி டிரம், அவ்வளவுதான் சாமான். செல்வியின் அம்மாவும் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து, முந்தானையைச் சும்மாடு சுற்றிக்கொண்டு பாத்திர மூட்டையைத் தூக்கினார். எல்லாம் ஏற்றியாயிற்று. சபைக்காரர்கள் இன்னும் வரவில்லையே, அவர்கள் வராமல் எப்படிக் கிளம்புவது என்று அந்த அம்மா லாரியை எடுக்கவிடவில்லை. டேவிட் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றை மறுபடி மறுபடி இறுக்கினான். அரை மணி நேரம் ரோட்டையே பார்த்தோம். அக்கா முன்சீட்டில் ஏறி, வெயில் ஏறுகிறது, எடுப்பா என்றார். என்னைப் பார்த்து, சாப்பாட்டு வேளையைத் தள்ளாதே என்று ஒரு அதட்டுப் போட்டார். போய்விட்டார்.

லாரி திரும்பின பிறகு, ஒரு தூக்குப் பாத்திரத்தோடு செக்ரெட்டரியின் மனைவி வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். தனியாக. வீட்டில் சொல்லிவிட்டு வந்ததாகத் தெரியவில்லை. போய்விட்டாரா என்று கேட்டார். போய்விட்டார் என்றேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. செல்வி வரவில்லையா என்றார். குழந்தைக்குச் சளி, வீட்டில் இருக்கிறாள் என்றேன். அவர் பாத்திரத்தைக் கை மாற்றிக்கொண்டு, பக்கத்தில் நிற்பது யார் என்ற நினைப்பே இல்லாமல், கேட்டார்.

"காலனியில செல்வி வீடு எதுங்க? நான் போனதில்ல."

செல்வியின் அம்மா அவரைப் பார்த்தார். லாரி போன ரோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.  சும்மாட்டை அவிழ்த்து, முகத்தை ஒருதரம் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"வாங்க, நான் காட்டறேன்" என்று அவர் கையில் இருந்த தூக்கை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.